கேமராவுக்கு இந்தப் பக்கம்

யாரும் பார்க்காதபோது ஒருவர் நடித்தால் அதை நடிப்பு என்று சொல்லலாமா? வெர்னிஸ் டால்பட்டின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் ஒருநாளும் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. நாம் கேட்டிருந்தால், "சாப்பாட்டு நேரத்துல இது என்ன பேச்சு?" என்று தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

அவர் மாபெரும் நடிகை என்று நிறுவ இதை எழுதவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் படப்பிடிப்புத் தளங்களில் ஒலிப்பதிவு செய்து பிழைத்தவன் நான். 'மாபெரும்' என்ற சொல்லை எங்கள் ஊரில் காலைக் காப்பி ஆறுவதற்குள் பத்துப் பேருக்குக் கொடுத்துவிடுவார்கள். வெர்னிஸ் நல்ல நடிகை. சில நாட்களில் மிக நல்ல நடிகை. வேறு சில நாட்களில் வீட்டு ஞாபகத்தோடு வந்து வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போனதையும் இதே காதுகளால் கேட்டிருக்கிறேன்.

பிறந்தது இண்டியானாவில், கேரி என்ற இரும்பாலை ஊரில். ஆலை இரைச்சலில் அவருடைய அப்பாவுக்குக் காது போய்விட்டது. அந்த வீட்டில் யாரும் அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்க முடியாது. அப்பாவின் எதிரே வந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்து, சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டும். பாதியில் முகத்தைத் திருப்பினால் மீதி அவருக்குக் கிடைக்காது. பின்னால் நான் சொல்லப்போகும் வெர்னிஸின் ஒரு பழக்கத்துக்கு இதுதான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. அதே வீட்டில் வளர்ந்த அவருடைய இரண்டு அண்ணன்மார் யார் முகத்தையும் பார்த்துப் பேசாதவர்கள். ஆகவே அந்தக் காரணத்தை நான் பாதிதான் ஏற்றுக்கொள்கிறேன்.

இருபத்தாறு வயதில் ஒரு பெட்டியோடு லாஸ் ஏஞ்சலிஸ் வந்தார். பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மாலையில் ஒரு சர்ச்சின் பின்கட்டுக் கூடத்தில் நாடக ஒத்திகை. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட பேருந்துப் பயணம். வசனம் மனப்பாடம் செய்ய அவருக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தப் பேருந்துதான். முதல் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து, தாழ்ந்த குரலில் ஆவேசமாகப் பேசிக்கொண்டு வருவார். இதைப் பல நாள் கேட்ட ஓட்டுநர் ஒருநாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, தினமும் யாரோட சண்டை போடறீங்க?"

"என் புருஷனோட."

"அவரு எந்த ஸ்டாப்புல இறங்கிட்டாரு?"

"இன்னும் ஏறவே இல்ல."

அந்த ஓட்டுநர்தான் ராஸ்கோ டால்பட். அடுத்த வருடம் கல்யாணம்.

இங்கிள்வுட்டில் வீடு வாங்கினார்கள். விமான நிலையத்துக்கு இறங்கும் பாதை அவர்கள் கூரைக்கு நேர் மேலே. எங்கள் தொழிலில் வெளிப்புறப் படப்பிடிப்பின்போது விமானம் கடந்தால் எல்லோரும் அப்படியே நிற்போம். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து நடிகர்கள் தொடர்வார்கள். வெர்னிஸுக்கு இது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் உச்சக்கட்டச் சண்டை நடக்கும். "உங்க அக்கா வந்தா மட்டும் நீ எப்படி..." என்று ஆரம்பிப்பார். விமானம் வரும். ஒரு விரலை உயர்த்துவார். ராஸ்கோவும் வாயை மூடிக்கொள்வார். கரண்டியில் இருந்த குழம்பு சொட்டும். சத்தம் தேய்ந்ததும் விரல் இறங்கும். "...பல்லக் காட்டிக்கிட்டு ஓடற" என்று வாக்கியம் முடியும்.

"வேற பொம்பளைன்னா இதுக்குள்ள எதுக்குச் சண்டைன்னே மறந்திருப்பா," என்று ராஸ்கோ என்னிடம் நொந்துகொள்வார். "இவ ஒரு வார்த்தையக் கீழ போட மாட்டா, ஹைக். விமானமே பயந்துதான் சீக்கிரம் இறங்குது."

வேலை மெல்ல வந்தது. நர்ஸ், சிறைக் காவலர், பக்கத்து வீட்டுக்காரி, கொலையானவனின் தாய். கொலையானவனின் தாய்தான் அதிகம். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே ராஸ்கோ கேட்பார், "இன்னிக்கு யாரு செத்தா?"

"ரெண்டாவது பையன்."

"போன வாரமும் அவன்தானே செத்தான்?"

"அது வேற சேனல்."

பிறகு வயது ஏற ஏற நீதிபதி ஆனார். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்து "மறுக்கப்படுகிறது" என்று சொல்வது அந்தக் காலத்தில் அவருக்கு நிரந்தர வேலை மாதிரி. சூப்பர் மார்க்கெட்டில் ஜனங்கள் அவரை நிறுத்துவார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. எங்கே பார்த்தோம் என்பதும் தெரியாது. ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என் தம்பிக்கு ஆபரேஷன் நடந்தப்ப பாத்துக்கிட்ட நர்ஸ்தானே?" என்று கண் கலங்கினாள். வெர்னிஸ் அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்து, "தம்பி இப்ப எப்படி இருக்கான், கண்ணு?" என்றார். தக்காளி எடுக்கப் போன நான் திரும்பி வரும்வரை அந்தத் தம்பியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி அவருடைய பழக்கத்துக்கு வருகிறேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியை எடுக்கும்போது, முதலில் கேமராவும் விளக்குகளும் ஒருவரைப் பார்க்கும். அவருடைய க்ளோசப் முடிந்தபிறகு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு மற்றவரை எடுப்போம். ஒருவரை எடுக்கும்போது மற்றவர் கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் நின்று, தன் வசனத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இது மரியாதைதான், சட்டம் அல்ல. பெரிய நட்சத்திரங்கள் தங்கள் க்ளோசப் முடிந்ததும் கேரவனுக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர், ஒரு கம்பியில் ஒட்டிய டேப் துண்டைப் பார்த்துக் காதலைச் சொல்ல வேண்டும். பதில் வசனத்தைக் காட்சிக் குறிப்பெழுதும் உதவியாளர் பலசரக்குப் பட்டியல் படிப்பதுபோலப் படிப்பார்.

வெர்னிஸின் முதல் பெரிய வேலையில் அவருக்கும் அது நடந்தது. மகனின் உடலை அடையாளம் காட்டும் காட்சி. போலீஸ்காரராக நடித்தவர் கிளம்பிப் போய்விட்டார். வெர்னிஸ் டேப் துண்டைப் பார்த்து அழுதார். அதற்குப் பிறகு எந்த நடிகரையும் அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை. வெறுமனே நிற்பதும் இல்லை. கேமரா பார்க்காத அந்தப் பக்கத்தில் முழு உடையோடு நிற்பார். மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு வரும்போது இவர் பாத்திரத்தின் காலணியோடு வருவார். ஒரே ஒரு நாள் நடிக்க வந்த புதுப் பெண்ணுக்கும், எட்டு வருடம் உடன் நடித்த கதாநாயகனுக்கும் ஒரே மாதிரி. குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கும். கண்ணீர் வர வேண்டிய இடத்தில் கொட்டும்.

அந்தக் குரல் படத்தில் வராது. திரும்ப அவரைப் படம்பிடிக்கும்போது சொல்வதைத்தான் பயன்படுத்துவார்கள். இது என் ஹெட்போனில் விழுந்து அங்கேயே போய்விடும். அவருடைய சிறந்த நடிப்பில் பெரும்பகுதியைக் கேட்டவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. காது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. கண்ணீர் கிணற்று நீர் மாதிரி. சில முறை இறைத்தால் வற்றிவிடும். எதிராளியின் க்ளோசப்பில் அழுது தீர்த்துவிட்டு, தன் க்ளோசப்பில் காய்ந்த கண்ணோடு நிற்பது எங்கள் ஊரில் புதுமுகங்கள் செய்யும் தவறு. ஒருமுறை செய்து பார்த்துத் திருந்துவார்கள். வெர்னிஸ் முப்பது வருடமாகத் திருந்தவில்லை. அவருடைய பக்கம் கேமரா திரும்பும்போது மிச்சம் இருப்பது பாதிதான். திரையில் மக்கள் பார்த்ததெல்லாம் அந்தப் பாதியைத்தான்.

அவருக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் லெனோர் பாஸ், புகை பிடித்துப் பிடித்துக் கரகரத்த குரல்காரி, இதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. "ஊர்ல எல்லாரும் அடுத்தவங்க அழுகையத் திருடிப் பேர் வாங்கறாங்க. உன் அழுகைய அடுத்தவன் முகத்துக்குச் செலவு பண்றவ நீ ஒருத்திதான்டி."

"மிச்சம் வெச்சுச் சொன்னா வாய் கோணிக்குது, லெனோர். பொய் சொல்ற மாதிரி இருக்கு."

"நடிப்பே பொய்தான். இவ்வளவு நாளா யாரும் உங்கிட்ட சொல்லலையா?"

கடைசியில் ஒரு மருத்துவமனைத் தொடர் வந்தது. தலைமை நர்ஸ் பெவர்லி வேடம். எட்டு வருடம் ஓடியது. கதாநாயகன் அறுவை மருத்துவர். அந்த வேடத்தில் கோல்பி ரென்ஷா. நாற்பத்தைந்து வயது, நல்ல தாடை, எந்த வசனத்திலும் வழுக்கிக்கொண்டு போகும் குரல். கெட்டவன் அல்ல. தன் முகம் ஒரு பொதுச் சொத்து என்றும் தான் அதன் காவல்காரன் என்றும் நம்பியவன். எட்டு வருடமும் அவனுடைய க்ளோசப்தான் முதலில். முடிந்ததும் கிளம்பிவிடுவான். யாருக்காகவும் நின்றதில்லை.

தொடர் முடியப்போகிறது என்று தெரிந்த கடைசி வருடத்தில் எழுத்தாளர்கள் நர்ஸ் பெவர்லிக்கு ஒரு காட்சி எழுதினார்கள். நாலு பக்கம். துணி அடுக்கும் அறை. மருத்துவர் தூக்கமில்லாத கையோடு அறுவை செய்ததில் ஒரு சிறுபெண் இறந்துபோயிருக்கிறாள். அது பெவர்லிக்குத் தெரியும். நாளை விசாரணையில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அவரிடமே சொல்கிறாள். அவளுக்கு அவர்மேல் வெறுப்பில்லை. அதுதான் காட்சி.

லெனோர் போனில் சத்தம் போட்டாள். "வெர்னிஸ், நான் இந்த நாலு பக்கத்துக்காகத்தான் இன்னும் சாகாம இருக்கேன். இத மட்டும் சரியாப் பண்ணிடு. பரிசுக்காரங்க பாப்பாங்க. உனக்குன்னு ஒரு தொடர் கேட்டு நான் நாலு கதவைத் தட்டுவேன். ஆனா அன்னிக்கு மட்டும் கஞ்சமா இரு. கேமரா உன் பக்கம் திரும்பற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாத."

"அது என்னால ஆகாது."

"அப்ப முதல்ல உன்னை எடுக்கச் சொல்லு!"

வெர்னிஸ், "சொல்றேன்" என்றார். இதைப் பிறகு லெனோர் என்னிடம் சொன்னாள். இருபது வருடத்தில் வெர்னிஸ் தனக்காக எதையும் கேட்கச் சம்மதித்தது அதுதான் முதல் முறை என்றும் சொன்னாள்.

வெர்னிஸுக்கு அறுபத்தொரு வயது. கறுப்பினப் பெண். இன்னொரு நாலு பக்கம் வராது என்று அவருக்குத் தெரியும், தளத்தில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதலில் எடுத்தால் திரையில் முழு வெர்னிஸ். இரண்டாவதாக எடுத்தால் வழக்கமான பாதி. வரிசையில்தான் எல்லாமே இருந்தது.

இயக்குநர் மாரிசெல் ஓச்சோவாவிடம் முதலில் போனார். இளம்பெண், நேர்மையானவள். "எனக்குச் சம்மதம், மிஸ் வெர்னிஸ். ஆனா கோல்பி எட்டு வருஷமா முதல்ல. அவர் சரின்னு சொல்லட்டும்."

அடுத்த நாள் மதிய இடைவேளையில் வெர்னிஸ் என் மேசையைக் கடந்து போனார். இடுப்பில் ஒயர்லெஸ் மைக் இருந்தது. இடைவேளையில் அதைக் கழற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். அவர் கழற்றவில்லை. என்னைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கோல்பியின் கேரவனுக்குள் போனார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கோல்பி அவித்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஓடு உரிபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"வியாழக்கிழமை காட்சி இருக்கே தம்பி, கேமரா முதல்ல என் பக்கம்."

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"டைரக்டர்தானே சொல்லணும்?"

"அந்தப் பொண்ணு உன்னைக் கேக்கச் சொல்லுது. நீ அந்தப் பொண்ணக் கேக்கச் சொல்ற. நடுவுல நான் என்ன கால்பந்தா?"

கோல்பி சிரித்தான். "அப்படின்னா என் ஷாட் மதியத்துக்கு மேல போயிடும். மதியம் என் முகம் வீங்கிப்போகும், மிஸ் வெர்னிஸ். சொன்னா நம்ப மாட்டீங்க."

"உன் காலை முகத்த எட்டு வருஷம் பாத்துட்டேன். அதுல எனக்கு ஒண்ணும் ஆகல. மதிய முகத்தையும் தாங்கிக்குவேன்."

"சரி, முதல்ல நீங்க. அப்புறம்?"

"அப்புறம் இல்ல. அப்பவே. என்னை எடுக்கறப்ப நீ கேமரா பக்கத்துல நிக்கணும். நின்னு வசனம் கொடுக்கணும். நான் உனக்கு நின்ன மாதிரி."

முட்டை உரிபடும் சத்தம் நின்றது. "உங்கள யாரும் நிக்கச் சொல்லலையே."

அதில் நக்கல் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டான். அதனாலேயே அது சுருக்கென்று தைத்தது. வெர்னிஸின் மூச்சு ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது.

"இல்ல. யாரும் சொல்லல. உன்கிட்ட நான் சொல்றேன்."

ஓடு மறுபடி உரிபட்டது. "ஒரு தடவதான்," என்றான் கோல்பி.

வெளியே வந்து மைக்கைக் கழற்றி என் மேசையில் வைத்தார். "கேட்டியா ஹைக்?"

"கேட்டேன்."

"நீதான் சாட்சி. நாளைக்கு அவன் மறந்துட்டேன்னு சொன்னா உன்னை அந்த நீதிபதி முன்னாடி நிறுத்துவேன்."

"எந்த நீதிபதி?"

"நான்தான். வேற யாரு?"

புதன்கிழமை சாயங்காலம் இங்கிள்வுட்டில் சாப்பிடப் போயிருந்தேன். பொரித்த மீனும் கீரையும். ராஸ்கோ ஓய்வு பெற்றிருந்தார். மூக்குக் கண்ணாடியோடு மருத்துவரின் வசனத்தைப் படித்து மனைவிக்கு ஒத்திகை கொடுத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு... எங்கிட்ட... தண்ணி கேட்டா" என்பதை அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில் படித்தார்.

"ராஸ்கோ, ஒரு உயிர் போயிருக்கு. நீ என்னமோ டிக்கெட் எடுக்கச் சொல்ற."

"முப்பது வருஷம் இந்தக் குரல்லதான் சோறு வந்துச்சு. இன்னிக்கு அது உனக்கு ஆகலையா?"

ஆனாலும் இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். வெர்னிஸ் மீனைப் பார்த்தபடி தன் பதிலைச் சொன்னார். உரத்துச் சொல்லவில்லை. நாளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார் என்று புரிந்தது. அவர் சேர்த்து வைப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். சரியாகச் செய்வார் என்று எனக்கு நிச்சயம் வந்ததும் அப்போதுதான்.

வியாழக்கிழமை காலை விளக்குகள் அனைத்தும் வெர்னிஸின் பக்கம் நின்றன. ஒளிப்பதிவாளர் அவருடைய முகத்துக்கென்று ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழித்திருந்தார். எட்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. ஒப்பனைப் பெண்கள்கூட வேலை முடிந்தும் போகாமல் சுவரோரம் நின்றார்கள்.

கோல்பி சொன்ன நேரத்துக்கு வந்தான். மருத்துவர் அங்கி போட்டிருந்தான். காலில் ரப்பர் செருப்பு.

"ஷூ எங்க?" என்றார் வெர்னிஸ்.

"கேமரா என்னைப் பாக்கலையே, மிஸ் வெர்னிஸ்."

"நான் பாக்கறேன்."

தளத்தில் யாரோ கனைத்தார்கள். கோல்பி சிவந்துபோனான். ஷூவை எடுத்துவரச் சொல்லி, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, தானே நாடாவைக் கட்டிக்கொண்டான்.

பதிவுக்கு முன்னால் ஒரு ஒத்திகை. கேமரா ஓடவில்லை. வெர்னிஸ் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே தன் வசனத்தைச் சொன்னார். அளவாகச் சொன்னார், எதையும் சிந்தவில்லை. கேமராவின் பக்கத்தில் கோல்பி நின்றான். அந்த இடத்தில் அவன் நிற்பது அதுவே முதல் முறை. அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் முகத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

"அந்தப் பொண்ணு எங்கிட்ட..." என்றான்.

அடுத்த சொல் வரவில்லை. வசனத்தை மறந்தால் நடிகர்களின் மூச்சு வேகமாகும், அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இது அதுவல்ல. மூச்சே இல்லை. ஹெட்போனில் அறையின் அமைதி மட்டும் இருந்தது. எட்டு வருடமாக அந்தக் குரல் வழுக்கிக்கொண்டு போவதையே கேட்டவன் நான். முதல்முறையாக அது எதிலோ போய் முட்டி நின்றது. எதில் என்று எனக்குத் தெரியாது. பிறகும் தெரிந்துகொள்ளவில்லை.

மற்றவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. மைக் பிடித்தவர் கையை மாற்றினார். உதவி இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கினேன். வெர்னிஸ் ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த விரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"மாரிசெல்," என்றார், கண்ணை அவனிடமிருந்து எடுக்காமல். "கேமராவை அந்தப் பக்கம் திருப்பு."

"என்னது?" என்றார் உதவி இயக்குநர். "மிஸ் வெர்னிஸ், லைட்டெல்லாம் உங்களுக்குப் போட்டாச்சு. திருப்பணும்னா இன்னும் ஒரு மணி நேரம்..."

"லைட் வேண்டாம். தூக்கித் தோள்ல வெச்சுக்கங்க. திருப்புங்க."

மாரிசெல் அவரைப் பார்த்தாள். கோல்பியைப் பார்த்தாள். புத்திசாலிப் பெண், காரணம் கேட்கவில்லை. கேமராமேனுக்குச் சைகை காட்டினாள். வெர்னிஸ் விளக்குகளின் வெளிச்சத்திலிருந்து இறங்கி நடந்து, கோல்பிக்கு எதிரே, கேமராமேனின் தோளோரமாக வந்து நின்றார். கோல்பியின் நெற்றியைத் துடைக்க ஒப்பனைப் பெண் ஓடி வந்தாள். வெர்னிஸ் விரலை உயர்த்தினார், விமானம் வரும்போது உயர்த்துகிற அதே விரல். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரும் அசையவில்லை. கேமரா ஓடத் தொடங்கியதும் விரல் இறங்கியது.

"நாளைக்கு நான் சொல்லப்போறேன், டாக்டர்," என்று ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை என்னால் விவரிக்க முடியாது. விவரித்தால் புகழ்ந்ததுபோல ஆகிவிடும். அறையில் இருந்தவர்கள் கோல்பியைப் பார்த்தார்கள், நான் வெர்னிஸைக் கேட்டேன் என்று மட்டும் சொல்கிறேன். சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அவனுக்குக் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான், வாங்கத் தெரிந்தவனாக அன்றைக்கு ஆகியிருந்தான். "தண்ணி கேட்டா" என்ற இரண்டு சொற்களும் அவனிடமிருந்து வெளியே வந்தபோது சுவரோரம் ஒரு பெண் விம்மினாள். அந்தச் சத்தமும் பதிவில் விழுந்துவிட்டது. யாரும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் வெர்னிஸின் பக்கம் எடுத்தோம். விளக்குகள் காலையிலிருந்தே தயாராக இருந்தன. கோல்பி கிளம்பவில்லை. ஷூவோடு, கேமராவின் பக்கத்தில், கடைசிவரை நின்று வசனம் கொடுத்தான். நன்றாகவே கொடுத்தான். வெர்னிஸ் நாலு முறை முயன்றார், ஐந்தாவதும் முயன்றார். குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் கிணற்றில் நீர் இல்லை.

ஒளிபரப்பான காட்சியில் ஏறக்குறைய முழுவதும் கோல்பியின் முகம்தான். அந்த மங்கல் வெளிச்சத்தைத் துணிச்சலான கலை என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்த வருடம் அவனுக்குப் பரிசு கிடைத்தது. மேடையில் நின்று பலருக்கு நன்றி சொன்னான், வெர்னிஸின் பெயரையும் சொன்னான், அப்போது அவன் குரல் வழுக்கவில்லை. அதற்குப் பின் நடித்த எல்லாத் தளங்களிலும் எதிராளிக்காக நின்றான் என்று கேள்வி. லெனோர் ஒரு மாதம் வெர்னிஸோடு பேசவில்லை. வெர்னிஸுக்கென்று தொடர் எதுவும் வரவில்லை. மறுபடி நீதிபதி வேடம் வந்தது. அடுத்த ஆறு வருடம் யார் யாருடைய மனுக்களையோ மறுத்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பல விதமாக யோசித்திருக்கிறேன். பெருந்தன்மை என்றால் அது மிக எளிதான பதில். அதோடு, ஒரு வாரம் விடாமல் போராடி வாங்கிய இடம் அது. கடைசி நேரப் பயம் என்றால், அந்தக் குரலில் பயம் இல்லை, நான் கேட்டேன். காட்சி யாருடையது என்பதைவிட அது நடக்க வேண்டும் என்பது அவருக்கு முக்கியமாக இருந்திருக்கலாம். அல்லது முப்பது வருடப் பழக்கம் ஒரு வாரத் தீர்மானத்தை வென்றுவிட்டதோ? இதில் எதையும் என்னால் நிரூபிக்க முடியாது. தளத்தில் கேட்டவர்களிடமெல்லாம் சாப்பாட்டு வண்டியில் என்ன இருக்கிறது என்று பதிலுக்குக் கேட்டார்.

ஒரே ஒருமுறை அவர் பதில் சொல்லத் தொடங்கினார். தொடர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே சமையலறை. ராஸ்கோ கோழித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சட்டென்று கேட்டார்.

"ஏன் வெர்னி, அன்னிக்கு அத எதுக்கு அவனுக்கு விட்டுக் கொடுத்த? சத்தியமாக் கேக்கறேன். நான் படிச்சுக் கொடுத்தது அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

வெர்னிஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

"அது ஏன்னா..." என்றார்.

விமானம் வந்தது. வெர்னிஸ் விரலை உயர்த்தினார். ராஸ்கோ வாயை மூடிக்கொண்டார், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடித் தம்ளர்கள் அலமாரியில் கிடுகிடுத்தன. சத்தம் கடலோரமாகப் போய்த் தேய்ந்தது. விரல் இறங்கியது.

வெர்னிஸ் கீரைப் பாத்திரத்தை இழுத்து, ராஸ்கோவின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.